மழைக்காலத்தில் சைக்கிளை எங்கே மிதிப்பது?

இடவப்பாதிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும் மழை ஆகஸ்டு வரை அடித்துப் பெய்யும். செப்டம்பரில் சற்று மூச்சு விடும். அக்டோபரில் இடியும் மின்னலுமாகத் துலாவர்ஷம் என்ற பெயரில் மறுபடியும் வந்து நிற்கும். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 140 சென்டிமீட்டர். கொச்சியில் அதைப் போல் இரண்டு பங்குக்கு மேல், ஏறக்குறைய 300 சென்டிமீட்டர். வெள்ளைக்கார நாடுகளில் பனிக்காலம் வந்தால் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றி விடுகிறார்கள். நமக்குப் பனி ஏது? நம்முடைய பனிக்காலம் இந்த மழைதான்.

இந்த ஆறு மாதமும் சைக்கிள்காரன் என்ன செய்வது என்பதே இன்று நான் எழுத எடுத்துக் கொண்ட விஷயம். "நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க, இது ஒரு விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வியாதி. டாக்டர் சொன்னதால் பஸ்ஸை விட்டுச் சைக்கிளுக்கு மாறினார். ஜனவரியிலிருந்து மே வரை ஒரு நாள் தவறாமல் மிதித்தார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்கள். ஜூன் வந்தது. சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே போயிற்று. ஓணத்துக்கு முன்னால் பரிசோதித்தபோது சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறி, குறைத்த மாத்திரையும் திரும்பி வந்து விட்டது. அவரைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம்தான்.

மழையிலும் ஓட்டினால் என்ன என்று வீரம் பேசியவர்களில் நானும் ஒருவன். மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பழைய ஹார்பர் பாலம், வெல்லிங்டன் தீவு, வெண்டுருத்திப் பாலம், தேவரா வழியாக எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷனுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கும். வெயில் நாளில் அருமையான பாதை. பாலத்தின் மேல் காயல் காற்று வரும்போது ஆபீசுக்குப் போகிறோம் என்பதே மறந்து விடும். மழையில் அதே பாதை வேறு முகம் காட்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் குழி எது, ரோடு எது என்று தெரியாது. இரண்டு ஆண்டுக்கு முன் அப்படி ஒரு குழியில் முன் சக்கரம் இறங்கி, நான் கைப்பிடிக்கு மேலே பறந்து, மணிக்கட்டு பிசகி, பதினைந்து நாள் மெடிக்கல் லீவில் கிடந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் சமயத்தில் பிரேக் போட்டார். அதனால்தான் இதை எழுதிக் கொண்டிருக்கிறேன். "என்னங்க, மழை விடுகிற வரை அந்தச் சைக்கிளைத் தொட்டீங்கன்னா நான் ஊருக்குப் போயிடுவேன்" என்று வீட்டில் சொல்லி விட்டார்கள். ஊர் என்பது அம்பாசமுத்திரம். மிரட்டல் என்று நினைத்தேன்; டிக்கெட் விசாரிப்பது தெரிந்த பிறகு அடங்கி விட்டேன்.

குழி மட்டுமா? வேலியேற்ற நாளில் காயல் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றாகித் தெருவுக்கு வரும். எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. காலில் சிறு சிராய்ப்பு இருந்தால் போதும், உள்ளே புகுந்து விடும். மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பதைச் சுகாதார இலாகா ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறது. பெடல் உரசி உரசிச் சிராய்க்காத கணுக்கால் எந்தச் சைக்கிள்காரனுக்கு உண்டு? சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் ஆறுவதே கஷ்டம். அவர்கள் இந்தத் தண்ணீரில் சைக்கிள் விடுவதை நான் ஒருக்காலும் ஆதரிக்க மாட்டேன்.

ஆக, சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே மிதிக்க வேண்டும். எப்படி?

சாணைக்காரர் காட்டிய வழி

இது ஏதோ அமெரிக்காவிலிருந்து நேற்று இறங்கிய புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் தெருவுக்குக் கத்தி, அரிவாள்மணை சாணை பிடிக்க வருகிறவர் என்ன செய்கிறார்? சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, மேலே உட்கார்ந்து மிதித்து, பட்டை மூலம் சாணைக்கல்லைச் சுழற்றுகிறார். சிறு வயதில் அப்பாவின் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் விர்ரென்று சுற்ற, டைனமோ விளக்கு எரிவதை வேடிக்கை பார்க்காதவர் நம்மில் யார்?

அதனால் முதலில் எனக்குத் தோன்றியதும் அதுதான். செலவில்லாத வழி. ஒரு வாரம் செய்தும் பார்த்தேன். சக்கரம் காற்றில் சும்மா சுற்றுகிறது. காலுக்கு வேலையே இல்லை. சாணைக்காரருக்கு எதிர்ப்புக் கொடுக்க அரிவாள் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது? பிரேக்கை லேசாகக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். இரண்டே நாளில் பிரேக் கட்டை தேய்ந்து ரிம் சூடாகி விட்டது. அதோடு, அந்த ஸ்டாண்டு சைக்கிளின் கனத்தைத் தாங்கச் செய்ததே தவிர, எழுபது கிலோ ஆள் அரை மணி நேரம் ஆடி ஆடி மிதிப்பதைத் தாங்கச் செய்ததல்ல. கால் வளைந்தது. யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கடையில் கிடைப்பவை

டிரெய்னர் என்ற பெயரில் விற்கும் சாமான்களில் மலிவானது, பின் சக்கரத்தை இரும்புச் சட்டத்தில் கவ்வித் தூக்கி, டயரை ஒரு சிறு உருளையின் மேல் அழுத்தி வைப்பது. டயர் சுற்ற உருளை சுற்றும். உருளையைப் பிடித்து இழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். சிலதில் விசிறி. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு தானாகக் கூடும் என்பதால் ரோட்டில் போவது போலவே இருக்கும்; ஆனால் போடுகிற சத்தம் மாவு மில்லை நினைவூட்டும். சிலதில் காந்தம். உலோகத் தகடு காந்தத்தின் அருகே சுற்றும்போது தகட்டுக்குள்ளேயே மின்னோட்டம் தோன்றி, அது சுழற்சியை எதிர்க்கிறது. தொடாமலே பிரேக் போடுகிறது என்று சொல்லலாம். சத்தம் குறைவு, கம்பியை இழுத்தால் கனம் கூடும். இன்னும் சிலதில் மூடிய டப்பாவுக்குள் எண்ணெயும் அதில் சுழலும் இலைகளும். மூன்றிலும் இதுவே மிருதுவானது. ஆனால் சீல் போய் எண்ணெய் கசிந்தால் அதோடு சரி.

இந்த வகையில் காந்தம் வைத்த ஒன்றைத்தான் நான் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்தேன். வந்தது. பெட்டியைப் பிரித்தேன். என் சைக்கிளில் அது ஏறவே இல்லை! என்னுடையது அப்பா வைத்திருந்த ஹெர்குலிஸ். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் அம்பத்தூர் சரக்கு. கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம், பின் ஆக்ஸிலில் பெரிய நட்டு, அதே ஆக்ஸிலில் கேரியர் கால், ஸ்டாண்டுக் கால் எல்லாம். டிரெய்னரின் கவ்வி பிடிக்க இடமே இல்லை. அதைச் செய்தவன் மனத்தில் வைத்திருந்தது, நெம்புகோலை மடக்கித் திறக்கிற மெல்லிய ஆக்ஸில் உள்ள ரேஸ் சைக்கிள். சக்கர அளவிலும் தகராறு. நம் 28 அங்குல ரிம், 700 என்று எண் போட்ட ரேஸ் ரிம்மை விடச் சற்றுப் பெரியது. தெருமுனைச் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். "தம்பி, இது மாட்டு வண்டிக்குக் கார் ஜாக்கி வாங்கின கதை" என்றார். திருப்பி அனுப்பியதில் வண்டிக் கூலி என் தலையில் விழுந்தது. எனவே வாசகர்களுக்கு முதல் வார்த்தை: டிரெய்னர் வாங்கு முன் உங்கள் சைக்கிளின் பின் ஆக்ஸிலைக் குனிந்து பாருங்கள். பால் கேன் கட்டும் ரகமானால் அந்த யோசனையை அன்றே விட்டு விடுங்கள்.

கியர் வைத்த புது ரகச் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது டயர். பட்டன் பட்டனாக உள்ள மலைச் சைக்கிள் டயரை உருளையில் அழுத்தினால் கடகடவென்று கட்டடமே அதிரும். டயரும் மாவாக உதிரும். வழவழப்பான டயர் மாட்டி, காற்றைக் குறையாமல் வைத்துக் கொள்ள வேண்டும். முன் சக்கரம் தாழ்ந்து நிற்காமலிருக்க ஒரு பலகையோ செங்கல்லோ போதும். அதற்கென்று பிளாஸ்டிக் கட்டை ஒன்றைத் தனியாக விலை போட்டு விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

ரோலர் என்று ஒன்று உண்டு. மூன்று உருளைகள், பின் சக்கரத்துக்கு இரண்டு, முன் சக்கரத்துக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு ரப்பர் பட்டை. சைக்கிளை எதுவும் பிடிப்பதில்லை. நாமே சமாளித்து ஓட்ட வேண்டும். பந்தயக்காரர்கள் போட்டிக்கு முன் உடம்பைச் சூடாக்க இதில்தான் ஓட்டுகிறார்கள். ஐம்பது வயது குமாஸ்தா இதில் ஏறினால் சுவரில்தான் இறங்குவார்.

மிக உயர்ந்த ரகம், பின் சக்கரத்தையே கழற்றி விட்டுச் செயினை நேராக மிஷினில் மாட்டுவது. சத்தமில்லை, டயர் தேய்மானமில்லை. கரண்டில் ஓடும், மேட்டில் ஏறுவதாகப் படம் காட்டினால் மிஷினே கனத்தைக் கூட்டும். 2014-ல் தொடங்கிய ஸ்விஃப்ட் என்ற செயலி இருக்கிறது (மாருதி கார் என்று நினைக்க வேண்டாம்); அதைப் போட்டுக் கொண்டால் திரையில் உலகம் முழுவதும் உள்ளவர்களோடு பந்தயம் விடலாம். 2020-ல் ஊரடங்கில் அடைபட்ட உலகத்துக்கு இவை பெரிய துணையாக இருந்தன. ஆனால் விலை? நல்ல ரகம் ஒன்று புது மோட்டார் சைக்கிளின் விலையைத் தொடுகிறது. அதற்கு மேல் செயலிக்கு டாலர் கணக்கில் மாதச் சந்தா. துலாவர்ஷத்தில் சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி விட்டுச் சும்மா உட்கார வேண்டும். நம் ஆபீசில் ஓர் இளைஞர் தவணையில் வாங்கியிருக்கிறார். தவணை முடிய இன்னும் பல மாதம் இருக்கிறது. அவருடைய உற்சாகம் தீபாவளியோடு முடிந்து விட்டது.

என் முடிவு

நாலு இடம் விசாரித்து, ஒரு முறை ஏமாந்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம், சாதாரண உடற்பயிற்சி சைக்கிள். சைக்கிளை மாட்ட வேண்டியதில்லை, ஆக்ஸில் பார்க்க வேண்டியதில்லை, சேலையோடும் வேட்டியோடும்கூட வீட்டில் எல்லோரும் ஏறலாம். இதிலும் இரண்டு ஜாதி. ஒன்றில் கனத்த சக்கரத்தின் மேல் கம்பளிக் கட்டை உரசி எதிர்ப்புக் கொடுக்கும். மற்றதில் காந்தம். கொச்சிக்குக் காந்தமே நல்லது என்பது என் அபிப்பிராயம். இங்குள்ள ஈரத்தில் செருப்பே பூசணம் பிடிக்கும்போது கம்பளி என்ன பாடுபடும்? உரசி உரசிப் பஞ்சாக உதிர்ந்து நாற்றமும் அடிக்கும். கைப்பிடியையும் சேர்த்து ஆட்டும் விசிறி வைத்த ரகம் ஒன்று இப்போது எங்கும் விற்கிறது. வேலை நன்றாகத்தான் வாங்கும். ஆனால் மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில், மரப் பலகை போட்ட மாடியில் அதை வைத்தால் கீழ் வீட்டுக்காரர் மறுநாளே படியேறி வருவார். எந்த மிஷினானாலும் அடியில் ரப்பர் ஒட்டிய ஒரு கயிற்றுப் பாய் விரிப்பது நல்லது. ஆலப்புழை பக்கத்தில்தானே இருக்கிறது, பாய்க்கா பஞ்சம்?

பழையதாக வாங்குகிறவர்கள் இதைச் செய்யுங்கள். ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, அது கீழே போகும்போது கால் நேராக நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிச் சீட்டு உயராவிட்டால் அந்த மிஷின் உங்களுக்கு ஆகாது. ஒரு மாதத்தில் முழங்கால் பிடித்துக் கொள்ளும். பிறகு கனத்தைக் கூட்டி மெதுவாக மிதித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். கடக் கடக்கென்று ஒரே இடத்தில் சத்தம் வந்தால் பால்ரஸ் போயிருக்கிறது. சீட்டுத் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மீட்டர் ஓடாவிட்டால் கவலை வேண்டாம், கடிகாரம் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. அது உஷ்ணம். நாம் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மற்ற மூன்று பங்கும் வெப்பம். பெடலில் நூறு வாட் வேலை செய்கிறவன் உடம்பில் மூன்று நூறு வாட் பல்பு எரிகிறது என்று கொள்ளுங்கள். ரோட்டில் எதிர்க்காற்று அதை வாங்கிக் கொள்ளும். அறைக்குள் காற்றில்லை, போதாக்குறைக்கு மழைக்கால ஈரத்தில் வியர்வை உலராமல் சொட்டுகிறதே தவிர உடம்பு குளிர்வதில்லை. பத்து நிமிஷத்தில் மயக்கம் வருகிறது, மிஷின் சரியில்லை என்று ஒதுக்கி விடுகிறார்கள். ஒரு ஸ்டாண்டு விசிறியை நெஞ்சுக்கு நேரே வைத்து, ஜன்னலைத் திறந்து விட்டு, ஒரு செம்பு தண்ணீரும் பக்கத்தில் வைத்துக் கொண்டால் அதே ஆள் அரை மணி மிதிப்பார். கூரை விசிறி போதாது. வியர்வை உப்பு, ஏற்கெனவே காற்றில் இருக்கும் கடல் உப்போடு சேர்ந்து இரும்பைத் தின்னும். இறங்கியவுடன் துண்டால் துடைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்றால், வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே மிதம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக் கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. டாக்டரைக் கேட்டு நேரத்தை வைத்துக் கொள்ள வேண்டும்.

இது எல்லோருக்கும் வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பஜார் ரோட்டில் மிளகு மூட்டை தூக்கும் தோழருக்கும், கோட்டைக்கொச்சி தோபிகானாவில் விடிந்தது முதல் கல்லில் துணி அடிக்கும் நம்மவர்களுக்கும் டிரெய்னர் வாங்கச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. கர்க்கடக மாதத்தில் கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றும் மலையாளிகளின் பழக்கம், உழைத்தவனுக்கு ஏற்பட்டது. நாற்காலியில் பன்னிரண்டு மாதமும் கர்க்கடகம் கொண்டாடும் நாம் அதைக் காட்டி மழையில் படுத்துக் கொள்வது நியாயமாகாது.

பணம்தான் கடைசியில் வந்து நிற்கும். பழைய மிஷின்கூட ஒரு குமாஸ்தா குடும்பத்தில் மளிகைச் செலவைத் தொட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒன்று என்பது வீண். ஒரு நாளில் அரை மணி மிதித்து, மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் துணி காயப் போடும் கொடியாக அது நிற்பதை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! நம் தமிழ்ச் சங்கங்களிலும் படிப்பகங்களிலும் மூன்றாவது கேரம் போர்டு வாங்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஒன்று வாங்கலாம். ரயில்வேயில் பணியாளர் நல நிதி இருக்கிறது. ஊழியர்களின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் வைத்தியத்துக்கும் அதிலிருந்து செலவிடுகிறார்கள். டியூட்டி அறைக்குப் பக்கத்தில் இரண்டு காந்த சைக்கிளும் இரண்டு விசிறியும் கேட்பது பெரிய பேராசையா? மழையில் நனைந்து வந்தவர் ஷிப்டு மாறு முன் அரை மணி மிதித்து விட்டுப் போகலாம்.

இப்படி ஒரு மனு எழுதியிருக்கிறேன். நண்பரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரைச் சேர்த்துப் பதினொரு பேர். அது வருகிற வரை, சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வருகிறார். அவர் முதல் அரை மணி, நான் அடுத்த அரை மணி. விசிறி அவருடையது.